செகண்ட் நிற்காத வண்டி

பர்லியார் இறக்கத்தில் மஞ்சள் பலகை சொல்லும்:
இரண்டாவது கியரில் இறங்கவும்.
வண்டிக்குப் படிக்கத் தெரியாது.
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணம்
டக்கென்று செகண்டைத் துப்பிவிட்டு
நியூட்ரலில் நிற்கும்.
போஜனுடைய ஒன்றரை டன் கேரட்
பின்னாலிருந்து தள்ளும்.

எட்டு மாதம்
ஸ்டியரிங் வலது கைக்கு,
கியர் கம்பியின் கழுத்து இடது கைக்கு.
பதினாலு வளைவும் பிடித்த பிடி.
கல்லாறில் டீ வாங்கினால்
டம்ளரை விட்ட பிறகும்
விரல்கள் மூடியே இருக்கும்.

விற்றவன் யோகநாதன், சந்திரமதியின் தம்பி.
"எஞ்சின் தங்கம் மச்சான்" என்றான்.
எஞ்சினைப் பற்றி அவன் பொய் சொல்லவில்லை.
பொங்கலன்று அவன் வந்தான்,
நான் டீசல் போடப் போனேன்.

கியர் பாக்ஸ் இறக்க இரண்டு ஆள் வேண்டும்.
போன் செய்தது அவள்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு வந்தான்.
எங்கள் லைனில் மட்டமான தரை
ரேஷன் கடை வாசல் ஒன்றுதான்.
ஞாயிறு, கடை மூடல்,
ஈரச் சாக்கின் மேல் மல்லாந்தோம்.

டிரெயின் பிளக்கைத் திருகினேன்.
தொண்ணூறு ஆயில் வரவேண்டிய ஓட்டையில்
கூழ் இறங்கியது.
விரலில் நசுக்கிப் பார்த்தேன், மரத்தூள்.
சந்தைக்கு ஓட்டும் மாட்டுக்குத்
தண்ணீர் காட்டுவது போல
விற்கப்போகும் பாக்ஸுக்கு ஊட்டுவது.
பல் கடிக்கும் சத்தம் வெளியே வராது.
பிளக்கின் காந்தத்தில்
இரும்பு மயிர் முளைத்திருந்தது.
ஒரே டார்ச்சில் இரண்டு பேரும் பார்த்தோம்.

"எனக்கும் இப்படித்தான் வந்துச்சு"
என்றான், சேசிஸிடம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எட்டு மாதத்தில் நானும்
ஒரு தடவை ஆயிலைத் திறந்து பார்த்ததில்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட், கிளட்ச் கேபிள்,
சுற்றிலும் போல்ட்.
மார்பில் வந்து உட்கார்ந்தது பாக்ஸ்.
ஒரு பக்கம் அவன் மூச்சு, ஒரு பக்கம் என்னுடையது.
உள்ளே
செகண்ட் கியரின் பற்கள்
சப்பிப்போட்ட கற்கண்டாக மழுங்கியிருந்தன.
ஸ்லீவும் அப்படியே.
லாக் ஸ்பிரிங்கை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்,
எதிர்ப்பே இல்லை.

உக்கடத்துக்கு அவன்தான் போனான்.
செய்தித்தாளில் சுற்றி
வேறொரு செத்த வண்டியின் செகண்டோடு
கடைசி பஸ்ஸில் வந்தான்.
எவ்வளவு என்று கேட்டேன்.
"ஆகட்டும்" என்றான்.

மாட்டுவதுதான் பாடு.
கிளட்ச் பிளேட்டின் நடுவை
ஷாஃப்ட் கண்டுபிடிக்க மறுத்தது.
நான் முழங்காலால் தாங்கித் தள்ள
அவன் பின் பிளாஞ்சைப் பிடித்து
மெல்ல, மயிரளவு, திருப்பினான்.
"இன்னும்."
"இப்பவா?"
"இன்னும்."
அந்த எட்டு மாதத்தில்
அதுதான் எங்கள் நீளமான பேச்சு.
சளக்கென்று உட்கார்ந்தது.
லெவல் ஓட்டையில் வழிகிறவரை
புது ஆயில் விட்டோம், தேன் நிறம்.

இரவு இரண்டு மணி, மூட்டை ஏறியது.
கூப்பிடாமலே பக்கத்தில் ஏறிக்கொண்டான்.
காட்டேரி தாண்டி, குன்னூர் தாண்டி, பனியில்
மஞ்சள் பலகை வந்தது.
செகண்ட் போட்டேன்.
கையை எடுக்க மனசு வரவில்லை.
எடுத்தேன்.
அப்போது இருட்டில் அவனுடைய வலது கை
கம்பியை நோக்கித் தானாகக் கிளம்பி
பாதியில் நின்றது.

எத்தனை வருஷம் பிடித்திருப்பான்
அந்தக் கழுத்தை.

கம்பி நடுங்கியது, அசையவில்லை.
எஞ்சின் முனகி வண்டியை இழுத்துப் பிடித்தது.
அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.
வளைவுகளை எண்ண மறந்துவிட்டேன்.

மேட்டுப்பாளையத்தில் மூட்டை இறங்கும்போது
குனிந்து பார்த்தேன்.
பாக்ஸின் அடியில் தரையில்
ஒரு சொட்டு.
"பேக்கிங் கசியுது" என்றான்.
"ஞாயித்துக்கிழமை வா" என்றேன்.