இரவு 2.40

அரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வெளியே
நாகூர்கனியின் தள்ளுவண்டி.
பித்தளைப் பானையில் பருத்திப்பால்,
மேலே சுக்கு, தேங்காய்ப்பூ.
"ரெண்டு டம்ளரா குடிங்கக்கா, நல்லா ஊறும்."
எது ஊறும் என்று சொல்லமாட்டான்.
முகத்தை உசிலம்பட்டி வண்டிப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

ஊறுமா, தெரியாது.
எனக்குத் தெரிந்தது,
பச்சைப் பருத்திவிதையில் ஒரு மஞ்சள் நஞ்சு,
பூச்சி கடிக்காமல் விதை தனக்கே வைத்துக்கொண்டது.
கோசிபால் என்று பெயர்.
பெயரிலேயே பால் வைத்திருக்கும் நஞ்சு.
ஆட்டி, வடித்து, கொதிக்கவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.
மிச்சத்தைச் சுக்கு பார்த்துக்கொள்ளும் என்பது
நாகூர்கனியின் கட்சி.

செக்கானூரணி குளிரூட்டு நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
கொழுப்பு, இதரச் சத்து, புளிப்பு.
பதிவேட்டில் மூன்றே கட்டங்கள்.

கருமாத்தூர் விருமாயியின் கேனை
அன்றைக்குத் திருப்பினேன்.
சோதனைக் குழாயில் பாலும் சாராயமும் சரிபாதி,
ஒரு குலுக்கு,
கண்ணாடியெங்கும் துகள்.
"கெட்டுப்போச்சா?"
"கெடல. கன்னு போட்டு எத்தன நாளு?"
"மூணு."
சீம்பால் கலந்திருக்கிறது.
கன்றுக்கென்று பசு சேர்த்த காவல் முழுவதும் அதில்.
இரும்பைப் பிடித்து ஒளித்துவைத்து
கிருமியைப் பட்டினி போடும் ஒரு புரதம் உட்பட.
அதற்குக் கட்டம் இல்லை.
தேறாது என்று எழுதினேன்.
அவள் என் கோட்டைப் பார்த்தாள்.
இடது பக்கம் ஈரம்.
"எத்தன மாசம்?" என்றாள்.
"அஞ்சு."
கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என் பாட்டில் மாதிரிக் குப்பிகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்,
அதே குளிர்பெட்டி.
புதுப் பையன் இசக்கிராசு ஒரு நாள்
அதையும் எடுத்து எந்திரத்தில் ஊற்றிவிட்டான்.
இதரச் சத்து குறைவு.
தண்ணீர் கலப்பு, ஆறு சதவீதம்.
"யாருக்கா இது, இப்படி ஏமாத்துறது?"
நான் சிரித்த சிரிப்பில்
காவலாளி எழுந்து வந்துவிட்டார்.

எந்திரமே,
அதில் என் மகனால் செரிக்கவே முடியாத சர்க்கரை இருக்கிறது.
அவனுக்கில்லை அது.
அவன் குடலில் வந்து குடியேறியவர்களுக்கு.
பிள்ளையோடு சேர்த்து
பிள்ளையின் விருந்தாளிகளுக்கும் இலை போடுகிற உடம்பை
தண்ணீர் என்கிறாய்.

முதலில் பாட்டிலில் தேதி மட்டும் எழுதினேன்.
சுந்தரவேல் காலை பத்து மணிக்குப்
பாலாடையில் ஊற்றிக் கொடுப்பார்.
சொட்டு மருந்து நாளன்று
ஊசிக்கும் அழாமல் தூங்கினான் பயல்.
நர்ஸ் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்.
மாலையில் முழித்தவன் விடியும்வரை முழித்தான்.
பிறகுதான் எங்கோ படித்தேன்,
இரவில் சுரக்கும் பாலில் தூக்கமும் சுரக்கிறதாம்.
பகல் பாலில் அது இல்லையாம்.
என் இரவைத்தான்
பத்து மணி வெயிலில் குடித்திருக்கிறான்.

நானோ முழித்திருக்கிறேன்.
குழல்விளக்கு, கம்ப்ரசர் சத்தம், தேனி ரோட்டு லாரிகள்.
இதற்கு நடுவில்
எனக்குக் கிடைக்காத தூக்கம்
எனக்குள் எங்கே இருந்து வருகிறது?

மறுநாள் சாயங்காலம் விருமாயி வந்தாள், கேன் இல்லாமல்.
தூக்குவாளியில் அவித்த சீம்பால்,
கருப்பட்டி போட்டு, ஏலக்காய் தட்டி.
"தேறாத பாலு. தின்னு."
கத்தியில்லாமல் ஸ்பேட்டுலாவால் வெட்டித் தின்றோம்,
இசக்கிராசுக்கு ரெண்டு துண்டு.

ஆறாம் நாள் குழாயில் ஒரு துகளும் இல்லை.
லாக்டோமீட்டர் இருபத்தெட்டு.
கையெழுத்துப் போட்டேன்.
"இனிமே வெறும் பாலு" என்றாள்,
காசு வரப்போகிறவள் மாதிரி இல்லை குரல்.

லாரி கிளம்பியபின்
ஸ்டோர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.
நூற்றிப் பத்து மில்லி.
பாட்டிலில் எழுதினேன், இரவு 2.40.
கீழே,
சுந்தரவேலுக்குப் புரியும்படி கொட்டை எழுத்தில்,
இருட்டியபின் கொடுக்கவும்.