கடலுக்கு அடக்க விலை

மாதம் முடிந்து மூன்றாம் வேலை நாள்.
பெர்கனில் மழை. அது ஒரு செய்தியே அல்ல;
மழை விட்டால்தான் இங்கே
யாராவது எழுந்து ஜன்னல் பக்கம் போவார்கள்.

பதினோரு நிறுவனங்கள், ஒரே முதலாளி.
ஒன்று இன்னொன்றுக்கு வலை விற்கும்,
இன்னொன்று வேறொன்றுக்கு மீன்குஞ்சு விற்கும்,
ஃபாரோத் தீவுக் கிளை
எங்கள் பணத்தையே எங்களுக்குக் கடன் தந்து
வட்டிக்கு ரசீது அனுப்பும்.
சட்டைப் பையிலிருந்து கால்சட்டைப் பைக்குக்
கைமாற்று.
மாதக் கடைசியில் இரண்டு பைகளையும்
வெளியே இழுத்துப் போட்டு எண்ணுகிறவள் நான்.

இங்கே வரவேண்டியது என்றிருந்தால்
அங்கே தரவேண்டியது என்றிருக்க வேண்டும்.
அதே தொகை. அதே தேதி.
இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி
ஒரே கோட்டில் அடித்துவிடுவேன்.
'அம்மாவின் வேலை: பூஜ்யம் செய்வது'
என்று என் மகன் எய்ரிக்
பள்ளி நோட்டில் எழுதிக் கொடுத்தான்.
டீச்சர் திருத்தவில்லை.

இன்று எல்லாம் பூஜ்யமானது,
புவெர்ட்டோ மோன்ட் தவிர.
வலையும் நங்கூரக் கயிறும் விற்றேன் என்கிறது பெர்கன்.
எதையும் வாங்கவில்லை என்கிறது சிலே.
நடுவே தொங்குகிறது
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து
முந்நூற்று நாற்பது குரோனர்.

நாணய மாற்று விகிதமாக இருக்கும் என்று
முப்பதாம் தேதி விலையில் போட்டேன்,
முப்பத்தொன்றில் போட்டேன், சராசரியில் போட்டேன்.
ஒன்பதால் வகுத்தேன்.
வகுபட்டால் யாரோ இலக்கத்தை
இடம் மாற்றிப் போட்டிருக்கலாம்.
வகுபடவில்லை.

முதல் கடிதத்தில் 'அன்புள்ள' இருந்தது.
இரண்டாவதில் 'தயவுசெய்து' மட்டும்.
மூன்றாவதில் மேலாளருக்கும் ஒரு நகல்,
சிவப்பு எழுத்தில் கெடு.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசி.
அங்கே மாலை ஆறு.
ஆறு வருடமாக எனக்கு எண்களாக மட்டும் தெரிந்த
எலிசேயோ கார்காமோ,
ஜலதோஷக் குரலில்:

"சுன்னிவா, சரக்கு வரவில்லை.
கப்பலிலிருந்து தீவுக்கு ஏற்றிப் போன படகு
முப்பதாம் தேதி கவிழ்ந்துவிட்டது.
ஒமார் நீந்திக் கரையேறிவிட்டார்.
அவர் நாய் ஏறவில்லை.
வராததை வந்ததாக எப்படி எழுதுவேன்?"

பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.
நான் என் மூன்றாவது கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்,
அனுப்பியதைத் திரும்ப எடுக்க ஏதாவது
பொத்தான் இருக்கிறதா என்று.

பிறகு இருவரும் சேர்ந்து பதிவைப் போட்டோம்.
அவர் வாங்கியதாக ஒப்புக்கொண்டார்,
வாங்கிய கையோடு இழந்ததாகவும்.
என் பக்கத்து வரவும் அவர் பக்கத்துக் கடனும்
ஒன்றையொன்று தின்று மறைந்தன.
வலையில் நாங்கள் வைத்த பத்து சதவீத லாபம்,
பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது,
அதையும் கழித்தேன்.
வீட்டுக்குள் விற்றதில் ஏது லாபம்?

மிச்சம் நின்றது
ஒரு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து நானூறு.
கடலுக்கு அடக்க விலைதான்.
இத்தனை நாள் எங்களுக்குள்
விற்று, வாங்கி, கடன்பட்டு, வட்டி கேட்டதெல்லாம்
அடித்தபின் ஒன்றுமில்லை.
இது மட்டும் அடிபட மறுத்தது.
இது வெளியே போனது.

காரணம் என்ற கட்டத்தில் 'கடல்' என்று தட்டினேன்.
குறைந்தது பதினைந்து எழுத்து வேண்டும்
என்றது மென்பொருள்.
படகு கவிழ்ந்தது, ஓட்டியவர் நலம், என்று நீட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.

அறைக்கு வெளியே விளக்கை அணைத்துக்கொண்டே
தூர்பியோர்ன் கேட்டார், "முடிந்ததா?"
"ஒரு நிமிடம்."

நாயையும் எழுதினேன்.
கட்டத்தில் இடம் இருந்தது.