திரும்பி வந்தவை

லாவர்ட்டன் கிடங்கில் என் வேலை
திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது.
சூடேறாத இஸ்திரிப்பெட்டி, ஒரு கால் குறைந்த மேசை.
இந்த வாரம் மூன்று பைனாகுலர்கள்,
உள்ளங்கையில் அடங்கும் சின்ன வகை,
எதுவும் ஐம்பது டொலரைத் தாண்டவில்லை.

காரணம் கேட்கும் தாளில் மூன்று கையெழுத்து.
எட்டு மடங்குக்கு: பறவை சின்னதாகத் தெரிகிறது.
பத்து மடங்குக்கு: கண்ணாடியோடு பார்த்தால் ஓரமெல்லாம் கறுப்பு.
பன்னிரண்டுக்கு ஒரே சொல்:
நடுங்குகிறது.

சோதித்துப் பார்க்கவென்று எழுதி வைத்துவிட்டு
மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
"பன்னிரண்டுதானே பெரிசு, பிறகென்ன யோசினை?"
என்றான் வாமதேவன்,
மீன்கடைத் தராசைப் பார்க்கிற முகத்தோடு.

சனிக்கிழமை, வெரிபீ.
மெல்பேர்னின் கழிவு வந்து தெளிகிற குளங்கள்.
உள்ளே போக அனுமதிச் சீட்டு, ஒரு சாவி.
மூக்குப் பழகப் பத்து நிமிடம் எடுக்கும்.
பறவைகள் அந்தப் பத்து நிமிடத்தையும் கேட்கவில்லை.

அவன் பன்னிரண்டை எடுத்தான்.
வானத்தில் தேடினான், சேற்றில் தேடினான்,
மறுபடி வானத்தில்.
அன்னம் நின்ற இடத்தைத் தவிர
எல்லா இடமும் அகப்பட்டது.
"கழுகு! கழுகு!"
வேலிக்கம்பம்.
தலையில் யாரோ மாட்டிவிட்டுப் போன கையுறை.

வாங்கிப் பார்த்தேன்.
விடியலில் பாதியைக் குடித்துவிட்டது போல் ஒரு மங்கல்.
கையுறையின் தையல் தெரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.
ஆனால் அது துள்ளியது, ஒரே சீராக.
மூச்சை அடக்கினேன், அப்போதும் துள்ளியது.
என் நாடி என்று பிடிபடச் சற்று நேரமானது.
நின்ற இடத்தில் நின்றபடி
இவ்வளவு வேகமாகவா ஓடிக்கொண்டிருக்கிறேன்?

பத்துக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.
கழற்றினால் நல்ல வட்டம்.
கறுப்பு அன்னத்தின் கழுத்தோரம்
மலிவுக் கண்ணாடி இலவசமாய்ச் சேர்த்த ஊதாக் கோடு,
சிவந்த அலகிலிருந்து ஒரு சொட்டு
விழப் பார்த்து விழாமல்.
அப்புறம் என் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று
இருவரும் புல்லில் தவழ்ந்தோம்.
அதற்கு எந்த மடங்கும் உதவவில்லை.

கடைசியில் எட்டு.
பறவை சின்னதுதான், தாளில் எழுதியவர் சொன்னது சரி.
ஆனால் கரை முழுக்க உள்ளே வந்தது,
வந்தது அப்படியே நின்றது.
நானூறு உள்ளான்கள் சேற்றைக் குத்திக் குத்தித்
தைத்துக்கொண்டிருந்தன.
முப்பது கிராம் உடம்புகள், சைபீரியாவைப் பார்த்தவை.
நடுவே ஒன்று ஒற்றைக் காலில்.
அந்தக் காலில் செம்மஞ்சளாய் ஏதோ,
நகத்துணுக்கு அளவில்.

கொடி. யாரோ பிடித்து, கட்டி, பறக்க விட்டது.
கொடியில் எழுத்து இருக்கும்.
எட்டுக்கு எட்டவில்லை.

"குனி" என்றேன்.
வாமதேவன் சேற்றில் மண்டியிட்டான்.
அவன் தோளில் பன்னிரண்டை ஊன்றினேன்.
துள்ளல் நிற்கவில்லை, இப்போது அதில் இரண்டு தாளம்,
அவனுடையது மெதுவானது.
"மூச்சு விடாதே."
"எவ்வளவு நேரத்துக்கு?"
"பேசாதே."
இரண்டு தாளமும் சேர்ந்து விழுந்த ஏதோ ஒரு இடைவெளியில்
முதல் எழுத்து நின்றது.
இரண்டாவதைத் தொடுமுன்
உள்ளான் காலை மாற்றிக்கொண்டது,
கொடி இறகுக்குள் போய்விட்டது.

திரும்பும் வழியெல்லாம் சண்டை.
நான் ஹெச் என்றேன்.
பார்க்கவே பார்க்காதவன்
கே-யாகத்தான் இருக்கும் என்றான்.

திங்கட்கிழமை எட்டுக்குக் காசு கட்டினேன்,
ஊழியர் கழிவு போக இருபத்தாறு டொலர்.
பத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.
பன்னிரண்டின் தாளில்
'பழுது' என்ற கட்டத்துக்கு நேரே
இல்லை என்று எழுதினேன்.
பெட்டியை ஒட்டுமுன் மறுபடி திறந்தேன்.
வாரில் அவன் தோளின் சேறு
காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.