யாரும் சாகாத படம்

கயானி நூலகம். மூன்று மணிக்கே இருட்டு.
பனி அப்பிய பூட்ஸை மிதியடியில் தட்டிவிட்டு
தாய்ஸ்தோ கேட்டார்:
"யாரும் சாகாத படம் இருக்கா?"

அலமாரி முழுக்கப் பிணங்கள்.
காதல் கதையில்கூட ஒரு காசநோய்.
துழாவித் துழாவி
ஒரு படகுக் குடும்பத்தை எடுத்துக் கொடுத்தேன்.
சிரிப்புப் படம், நம்பிப் பாருங்கள்.

வியாழன் திருப்பித் தந்தார்.
"நாய் செத்துப்போகுது, இர்மெலி."

நாயை நான் மறந்தே போயிருந்தேன்.

மன்னிப்புக்கு வாயெடுப்பதற்குள்
சமையல் புத்தகங்கள் பக்கம் நகர்ந்துவிட்டார்.
ஓர் ஆளுக்கு எத்தனை உருளைக்கிழங்கு என்று
எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

மூடும் நேரம். பெட்டியைத் திறந்தால்
வட்டுக்கு அடியில் துண்டுச்சீட்டு, பென்சில் எழுத்து:
'ஐம்பத்திரண்டாம் நிமிடம்
எழுந்துபோய்க் காபி போடவும்.
நாலு நிமிடம் போதும்.
மற்றபடி நல்ல படம்.'

எடுத்தெறிவதுதான் விதி.
மூடி, திரும்ப அடுக்கினேன்.