ஒரு சாண் குறைவு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு
ரயில் நிலையத்தின் வாசலில் நிற்பேன்.
கையில் கொடியில்லை, மடக்கிய குடையில்லை.
எதிர்க்கரையின் பச்சைக் குவிமாடத்துக்கு
முதுகு காட்டி நிற்பவள் எவளோ
அவளே மொரேனா என்று
முன்பே எழுதியிருப்பேன்.

இன்று ஏழு பேர்.
ராட்டர்டாமிலிருந்து கெர்பன், பாலங்களின் பொறியாளர்.
லூப்லியானாவிலிருந்து நேஷா, காதில் பென்சில்.
மற்ற ஐவரும்
பழைய மாளிகைகளுக்குச் சீட்டுக் கிடைக்காதவர்கள்.

வெனிஸில் புதிதாக என்ன இருக்கிறது
என்று கேட்காத ஆளில்லை.
இருக்கிறது.
கொஞ்சம் குனிய வேண்டும்.

முதலில் கண்ணாடிப் படிப் பாலம்.
யானைக்கே அடி சறுக்கும் என்றால்
இருபது கிலோ பெட்டியை இழுத்து வருபவரை
மழைநாளில் இது சும்மா விடுமா.
இப்போது கல் பதித்துவிட்டார்கள்.
கல் வருவதற்கு முந்தைய பனிக்காலத்தில்
நான் விழுந்தேன்.
மணிக்கட்டுக்குள் எஃகுத் தகடு ஒன்று, திருகுகள் ஐந்து.
இந்நகரின் மிகச் சிறிய நவீனக் கட்டடம்,
கட்டணமில்லை, தொட்டுப் பாருங்கள் என்று
சட்டைக் கையைச் சுருட்டுவேன்.
கெர்பன் மட்டும் சிரிக்கவில்லை.
ஒரு படியின் அகலத்தைத்
தன் காலணியால் அளந்துகொண்டிருந்தார்.

பிறகு மாளிகையொன்றின் தரைத்தளம்.
கடல் வாசலேறும் ஊரில்
ஊரே கதவுக்குப் பலகை அடைத்திருக்க
இங்கே கட்டியவர் தண்ணீருக்கு வழிவிட்டார்.
வா,
இந்த வாய்க்காலோடு சுற்று,
இந்தப் படிவரை ஏறிக்கொள்,
வந்த வழியே போ.
கான்கிரீட்டில் அச்சுப்பலகையின் ரேகை அப்படியே.
நேஷா அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தாள்.
தாளில் ஒரு மரம் வந்தது.
காவலாளி வேறு பக்கம் பார்த்தார்.

படகேறி ஜூதெக்கா.
ஆலை இருந்த இடத்தில் குடியிருப்பு வரிசை:
செங்கல், சதுரம், வெள்ளை விளிம்பு.
பதினொரு வருடமாக இங்கே எனக்கு ஒரே வாக்கியம்.
"ஜன்னல்களின் குறுகலைக் கவனியுங்கள்,
வெளிச்சத்தை அளந்து ஊற்றியிருக்கிறார்..."
முடிக்கவில்லை,
மூன்றாம் மாடியில் ஒன்று திறந்தது.
எல்வீரா பென்சோ. கையில் ஈரத் தலையணை உறை.

"என் ஜன்னலைப் பற்றித்தானே?
எனக்கும் சொல்ல வரும்."

சோபா வந்த கதையை அங்கிருந்தே சொன்னாள்,
மீன் விற்கும் குரலில்.
நான் வரிக்கு வரி ஆங்கிலத்தில் பின்னால் ஓடினேன்.
படிக்கட்டில் அது திரும்பவில்லை.
பாரந்தூக்கிப் படகை வாடகைக்குப் பிடித்தார்கள்.
மூன்றாம் மாடிவரை ஏறி
ஜன்னலுக்கு எதிரே அந்தரத்தில் நின்றது சோபா,
விருந்துக்கு வந்து
வாசலிலேயே தயங்கும் சம்பந்திபோல்.
காய்கறிப் படகு, குப்பைப் படகு,
எல்லாம் எஞ்சினை அணைத்து அண்ணாந்து பார்த்தன.
நீட்டிப் பார்த்தாயிற்று, நிமிர்த்திப் பார்த்தாயிற்று.
கடைசியில்
கப்பல் பட்டறையில் இருந்த ஆல்வீசே
ரம்பத்தை எடுத்தார்.

"வீட்டைக் கட்டிப் பார்த்தவர் யாரோ.
கல்யாணம் பண்ணிப் பார்த்தவர்கள் நாங்கள்.
ஒட்டி உட்கார்ந்து முப்பது வருடம்
டிவியைப் பார்த்தோம்.
பாதி இந்தச் சுவரோரம், பாதி அந்தச் சுவரோரம்
போட்ட பிறகு
இந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது."

மோசமில்லை, என்றாள் கொஞ்சம் பொறுத்து.
உறையைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள்.
"இப்போது படம் எடுங்கள். இதையும் சேர்த்து."

உள்ளே யாரோ இருமினார்கள்.
ஜன்னல் சாத்திக்கொண்டது.

படகுத்துறையில் காற்று.
மணிக்கட்டு வலித்தது, மாலைக்குள் மழை.
கெர்பன் நோட்டைத் திறந்து
அந்த ஜன்னலின் அகலம் எவ்வளவு என்றார்.
வரைபடத்தின் எண் எனக்கு மனப்பாடம்,
சென்டிமீட்டரில், புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம்.

ஒரு சோபா, என்றேன்.
அதில் ஒரு சாண் குறைவு.

எழுதிக்கொண்டார்.