வடியும் நேரம்

தட்டு ஈரமாகவே வருகிறது என்று
மூன்று குளிர்காலமாகப் புகார்.
முப்பது முட்டைக்கான சாம்பல்நிறத் தட்டு
அடுப்புச் சுரங்கத்துக்குள் நேராகப் போகும்,
வெளியே வரும்போது ஒரு மூலை
முகம் சுளித்திருக்கும்.

ஹெல்சிங்கியிலிருந்து தொலைபேசியில் சொல்கிறார்கள்:
எடையில் ஐந்து கிராம் குறையவேண்டும்,
அடுக்கினால் நசுங்கக் கூடாது,
எரிவாயுச் செலவும் இறங்கவேண்டும்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
எங்களிடம் இருப்பது கூழ் மட்டும்:
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்,
மிச்சம் பழைய செய்தித்தாள்.

ஆர்ரே முதலில் அச்சின் வலையை மாற்றினான்.
பிறகு ஒரு விற்பனையாளன் வந்து
தொட்டியில் வெள்ளைப் பொடி தூவினான்.
ஒரு வாரம் நன்றாக இருந்தது.
எட்டாம் நாள் நுரை
படியிறங்கி உணவறை வாசலுக்கு வந்தது.
பிறகு தாள் மட்டம் என்றார்கள்.
பிறகு இரவு ஷிப்டு மட்டம் என்றார்கள்.
இரவு ஷிப்டு என்றால் நான், துவோவி,
ஹார்ன் வேலை செய்யாத ஒரு ஃபோர்க்லிஃப்ட்.

வீட்டிலிருந்து சமையலறைத் தராசு கொண்டுபோனேன்.
அச்சிலிருந்து பிரிந்த தட்டை
அடுப்பு விழுங்கும் முன் நிறுத்தேன்:
இருநூற்று நாற்பது கிராம்.
அதில் தட்டு அறுபத்திரண்டு.
மற்றதெல்லாம் ஆறு.

"வுவோக்கோ, மாவு பிசைகிறாயா?"
கேட்டுவிட்டு, துவோவி
ஜூலை மாதப் பதிவேட்டைத் தேடி எடுத்துவந்தாள்.
அவள் கையெழுத்தில், பதினேழு நாளும் ஒரே வரி:
குறிப்பிட ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதை யாரும் படிப்பதில்லை.
நாங்கள் படித்தோம், ஓரத்தில் இருந்த எண்களோடு.
அதே வலை. அதே தாள். அதே நாங்கள்.
ஜூலையில் வடிய ஆறு நொடி.
இப்போது பத்து நொடி போயும் சொட்டுகிறது.

வெளியே ஆறு உறைந்து கிடந்தது.
பனிக்கட்டிக்கு அடியிலிருந்து
குழாய் இழுத்துவருவது ஒரு டிகிரித் தண்ணீர்.
குளிர்ந்த தண்ணீருக்கு உடம்பு தடிப்பு,
நாரைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கும்.
தலைக்கு மேலே
அடுப்பின் நீராவி கூரையைத் தாண்டி
இரவெல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தது.
காசு கொடுத்து மூட்டிய சூட்டை
வானத்துக்குத் தானம் செய்துவிட்டு
கீழே ஈரம் போகவில்லை என்று
மூன்று வருடம் சண்டை போட்டிருக்கிறோம்.

மூடிப்போன பால்பண்ணையிலிருந்து
ஆர்ரே ஒரு வெப்பமாற்றி வாங்கிவந்தான்.
திறந்தால் புளித்த மோர் வாசனை.
நீராவியின் சூடு அதன் வழியே தொட்டிக்கு இறங்கி
கூழ் நாற்பது டிகிரி தொட்ட இரவு,
உறிஞ்சும் பம்பு முனகத் தொடங்கியது.
வெந்நீர் குடித்தால் அதற்கு இழுக்க முடியாது,
எங்களுக்கு அன்றுதான் தெரியும்.
அதிகாலை மூன்று மணிக்குப் பாகம் பிரித்தோம்:
ஆற்றின் குளிர் பம்புக்கு,
அடுப்பின் சூடு கூழுக்கு.

ஏழு நொடி. பிறகு ஆறரை.
தராசில் இருநூற்று ஆறு.
ஆர்ரே ஒன்றும் பேசவில்லை.
தட்டை எடுத்துவிட்டுத் தன் காபிக் கோப்பையை வைத்துப் பார்த்தான்,
தராசு பொய் சொல்கிறதா என்று.

ஏப்ரலில் நாற்றம் வந்தது.
வெதுவெதுப்பு நமக்கு மட்டுமா பிடிக்கும்?
தொட்டிச் சுவரில் வழவழப்பாய் ஏதோ வளர்ந்து,
அழுகிய முட்டைக்கோஸாய் மணந்தது.
மாதம் இருமுறை உள்ளே இறங்கித் தேய்க்கவேண்டும்.
யார் என்று கேட்கவேண்டாம்.
துவோவி பதிவேட்டில் எழுதினாள்:
குறிப்பிட ஒன்றுண்டு.

நான்காம் அச்சின் மூலை
இன்னும் சுளிக்கிறது. அது வேறு கணக்கு,
ஏதோ ஒரு துளை அடைத்திருக்கவேண்டும்.
ஹெல்சிங்கியில் இப்போது ஏழு கிராம் என்கிறார்கள்.

நேற்று ஒரு தட்டில், பதினொன்றாம் குழியின் சரிவில்,
கரையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது
என்றைக்கோ வந்த வானிலை அறிக்கையின் ஓரம்:
கழித்தல் இருபத்துநான்கு.
வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று
கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தேன்.
சூடாக இருந்தது.
அடுக்கில் போட்டேன்,
அதன்மேல் அடுத்தது விழுந்தது.