தொண்டையின் நிறம்

புக்கித் தீமா. நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
இதை மலை என்று சொல்லக் கூச்சப்படாத ஊர்
எங்களுடையது.

ஏற்றத்தின் பாதியில் புவனேந்திரன் நின்றுவிட்டார்.
மூச்சு வாங்கவில்லையாம்,
உற்றுக் கேட்கிறாராம்.

மூன்று வருடத்துக்கு முன்
ஆட்குறைப்பில் கைக்கு வந்த பணத்தோடு
எக்வடோர் போனவர்.
சமையலறைத் தரையை மாற்ற வைத்திருந்ததும்
அதில்தான் போயிற்று.
சொல்லிக்காட்டியதில்லை,
இப்போதுதான் சொல்கிறேன்.

மேகம் தரையில் நடக்கும் காடாம்.
இருபத்தொரு நாள் நனைந்து,
கடைசி நாள் மழை விட்ட சந்தில்
ஓர் ஓசனிச்சிட்டு
காற்றில் ஆணி அடித்து மாட்டியதுபோல
இவர் முகத்துக்கு நேரே நின்றதாம்.
சிவப்பு மூக்குக்கண்ணாடியைப்
பூவென்று நினைத்திருக்கும்.

ஒரே ஒரு படம். மங்கல்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் வழக்கு.
வாலைப் பார்த்தால் ஓர் இனம்,
அலகைப் பார்த்தால் வேறோர் இனம்.
தொண்டை நிறம் தெரிந்தால் தீர்ப்பாகிவிடும்.
அதுவோ வெயில் திரும்பினால் ஊதா,
திரும்பாவிட்டால் கரி.

படத்தில் கரி.

இறங்கி வரும்போது,
அடிவாரத்து அடுக்குமாடி வேலியோரம்
ஹெலிகோனியா பூத்திருந்தது.
"இதுக்கும் அந்தப் பக்கம்தான் ஊர்" என்றார்.
"ஓசனிச்சிட்டு அலகுக்கு
அளவெடுத்து வளைச்ச பூ.
இங்க யாருக்குக் காத்திருக்கோ."

கீச்சென்று வந்தது
நம்ம தேன்சிட்டு.
அந்தரத்தில் இரண்டு நொடி படபடத்தது,
முடியவில்லை.
மடலைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி,
பூவின் வாயை ஏறெடுத்தும் பாராமல்
அடியில் குத்தி ஓட்டை போட்டு
குடித்தது.
அடுத்த பூ. அதற்கும் ஓர் ஓட்டை.
நேற்றைய ஓட்டைகள் பழுப்பேறியிருந்தன.

தொலைநோக்கியை இவர் கழுத்திலிருந்து உருவுவதற்குள்
பறந்துவிட்டது.

"தொண்டை என்ன நிறம்? பாத்தியா?
சிவப்பா? நீலமா?"

பார்க்கவில்லை.
தலைகீழாகத் தொங்கும் ஒன்றுக்குத்
தொண்டை எந்தப் பக்கம் என்றே
எனக்குப் புரியவில்லை.

சிறு நோட்டைப் பிரித்து எழுதினார்:
தேன்சிட்டு. ஒன்று. காலை 8.10.
இனம் என்ற இடத்தில் கேள்விக்குறி.

வேலிக்குள்ளிருந்து காவலாளி எட்டிப் பார்த்தார்.
"ஏதாவது தொலைந்துவிட்டதா?"

இவர் யோசித்தார்,
உண்மையிலேயே யோசித்தார்.